முதலிடம் பற்றிய விளக்கம்

1995 நவம்பர் 18, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மூன்று நாள் அடைமழை ஓய்ந்து தூறல் மட்டும் எஞ்சியிருக்கிறது. மன்னார்குடிக் குளத்தின் தென்கரையில் உள்ள என் கடையின் முன்னால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. இப்படிப்பட்ட நாளில் வீடியோ கேசட் எடுக்க யாரும் வரமாட்டார்கள். உங்கள் காலாண்டிதழுக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்ட பட்டியலை எழுதி முடிக்க இதைவிட நல்ல காலை எனக்கு வாய்க்காது.

எக்காலத்துக்கும் எனக்குப் பிடித்த பத்துப் படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுமாறு கேட்டிருந்தீர்கள். படங்களின் பெயர்களைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். இங்கே காரணங்கள் மட்டும். முதலிடத்துக்கு நேரே அந்தத் தாளில் பெயர் இருக்காது. அந்தப் படத்துக்குப் பெயர் இல்லை. அதை முழுமையாகப் பார்த்தவன் நான் ஒருவனே. அதைப் பற்றிச் சொல்லும்போது, நேற்று முறிந்துபோன ஒரு திருமணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளும். முறைப்படி பத்திலிருந்து தொடங்குகிறேன்.

பத்தாவது ஒரு நகைச்சுவைப் படம். தொடக்கத்தில் ஓடும் பெயர்களில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாத தமிழ்ப் படம் நான் பார்த்தவரையில் அது ஒன்றுதான். ஒன்பதும் எட்டும் பாடல்களுக்காக. பாடல்களை எடுத்துவிட்டால் அவற்றில் ஒன்றும் மிஞ்சாது என்பதை நானே எடுத்துப் பார்த்து அறிந்திருக்கிறேன். ஏழாவது உப்பளத்தில் நடக்கும் கதை. குறை சொல்ல முடியாத படம். ஆனால் கடைசியில் காதலர் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். ஆகவே ஏழு. ஆறுக்கும் ஐந்துக்கும் இணைப்புத் தாளில் உள்ள இரண்டு வரிகள் போதும்.

நான்காவது ஒரு ரயில் நிலையத்தில் முடிகிறது. கதாநாயகி ஓடி வருகிறாள், ரயில் போய்விட்டது. அத்துடன் நிறுத்தியிருந்தால் அந்தப் படம் இன்னும் மேலே இருந்திருக்கும். இயக்குநர் பயந்துவிட்டார், அடுத்த ரயிலில் அவளை ஏற்றி அனுப்பிவிட்டார். என் கடையில் இருந்த பிரதியில் அந்த இரண்டு நிமிடங்களை நானே நீக்கினேன். ஆறு ஆண்டுகளாக அந்தக் கேசட் வாடகைக்குப் போய்வருகிறது. யாரும் குறை சொன்னதில்லை. ஓர் அம்மாள் மட்டும் தியேட்டரில் பார்த்தபோது வேறு மாதிரி முடிந்ததாக ஞாபகம் என்றார். ஞாபகம் அப்படித்தான் என்றேன்.

மூன்றாவது ஒரு கிழவரும் அவருடைய நாயும் வரும் படம். இரண்டாவது, ஒருவன் தன் மனைவிக்காகக் காத்திருக்கும் படம். அவள் வருவதில்லை. முப்பது நாற்பது முறை பார்த்திருப்பேன். அது முதலிடத்துக்கு வராமல் போனதற்குக் காரணம் நடிப்பு. காத்திருப்பவராக நடித்தவர் அடிக்கடி வாசலைப் பார்க்கிறார். உண்மையில் காத்திருப்பவர்கள் வாசலைப் பார்ப்பதில்லை.

இனி முதலிடம். அதற்கு முன் என்னைப் பற்றிச் சில சொற்கள் தேவைப்படுகின்றன.

என் பெயர் லியோ. தமிழில் முதுகலை முடித்து, அரசுப் பள்ளி வேலைக்குப் பதிந்துவிட்டு, ஒரு டுட்டோரியலில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். வேலை வரவில்லை. என் மனைவி ஃபிளோரா செவிலியர். 1989இல் அவள் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போனாள். அவள் அனுப்பிய இரண்டு வி.சி.ஆர்.களையும் ஒரு கேமராவையும் கொண்டு இந்தக் கடையைத் தொடங்கினேன். கேசட் வாடகை, கல்யாண வீடியோ, மூலையில் ஓர் எஸ்.டி.டி. பூத். நாடு கதவைத் திறந்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதிய இரண்டாம் ஆண்டிலேயே தெருவெங்கும் கேபிள் ஓடிவிட்டது. வாடகைக்கு வருவோர் குறைந்தனர். ஃபிளோரா ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசும்போதும் அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவதாகச் சொல்வாள். கூறியதையே திரும்பக் கூறுவது ஒரு குற்றம் என்று டுட்டோரியலில் நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். அவளைப் பற்றிய குறிப்பை முழுமை கருதியே இங்கே சேர்த்தேன். பின்வருவனவற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எங்கள் பகுதி முஸ்லிம் குடும்பங்களில் வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போவதைச் சபுர் போவது என்பார்கள். சபுர் போனவர்களின் வீடுகளுக்குக் கடிதத்தைக் காட்டிலும் அதிகமாக வந்தவை ஒலிநாடாக்கள். பிறகு வீடியோ கேசட்டுகள் வரத் தொடங்கின. ஊர் திரும்பும் யாரோ ஒருவர் கொண்டுவருவார். வி.சி.ஆர். இல்லாத வீட்டார் என் கடையின் பின்னறையில், மதியம் கடை சாத்தியிருக்கும் நேரத்தில், வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் பதில் பேசுவார்கள். நான் கேமராவில் எடுத்து, அந்தப் பதிலை அதே கேசட்டில் பதிந்து கொடுப்பேன். அடுத்துச் சபுர் போகிறவர் அதை எடுத்துப் போவார். ஒரே கேசட் போவதும் வருவதுமாக இருக்கும். புதிதாகப் பதியும்போது பழைய பேச்சு அழிந்துபோகும். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. நேரில் பேசினாலும் பேச்சு அழியத்தானே செய்கிறது?

அப்படிப் பின்னறைக்கு வந்தவர்களில் ஒருவரான சைத்தூன் பீவியின் மகன் ஷஹ்பாஸ் 1993இல் சவுதியில் உள்ள தம்மாமுக்குப் போனான். அதற்கு மூன்று மாதம் முன்புதான் அவனுக்கும் சாஜிதாவுக்கும் நிக்காஹ் நடந்தது. வீடியோ எடுத்தவன் நான். அவனுக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது. மனைவிக்குப் போகும் கடிதத்தை இன்னொருவனை விட்டு எழுதச் சொல்ல வெட்கம். வேலை பார்த்தது ஒரு மின்சாதனக் கடையில் என்பதால் கேமரா எளிதாகக் கிடைத்தது. ஆகவே கேசட்.

முதல் கேசட்டைச் சரிபார்ப்பதற்காக முன்கூட்டியே போட்டுப் பார்த்தேன். அப்படிப் பார்ப்பது வழக்கம். கடல் தாண்டி வரும் நாடாவில் பூசணம் பிடித்திருக்கலாம். பூசணம் இல்லை. வேறு குறைகள் இருந்தன. ஸலாம் சொல்லியாயிற்றா என்ற சந்தேகத்தில் அவன் மூன்று முறை ஸலாம் சொன்னான். இருமினான். இடையில் எழுந்து போய் ஒரு மிக்ஸியைத் தூக்கி வந்து, தாய் பார்க்கட்டும் என்று கேமராவின் முன் காட்டினான். பின்னால் கைலியுடன் சமைத்துக்கொண்டிருந்த அறைத்தோழன், "மாப்ள, பொண்டாட்டிய அப்பறம் கொஞ்சலாம், முதல்ல இந்த வெங்காயத்த உரிடா," என்றான். ஷஹ்பாஸ் சிரித்துவிட்டு, விட்ட இடம் தெரியாமல் மறுபடி தொடக்கத்திலிருந்து பேசினான். நான்கு இடங்களில் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: "இன்ஷா அல்லாஹ், பெருநாளைக்கு வந்துடுவேன், சாஜி."

இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து, தேவையில்லாதவற்றை நீக்கி, வேறொரு கேசட்டில் திருத்தமான பிரதி ஒன்று எடுத்தேன். ஒட்டிய இடத்தில் திரையில் பூச்சி பறப்பதுபோல் புள்ளிகள் ஓடாதபடி வெட்டுவது இந்த மாவட்டத்தில் எனக்கு மட்டுமே கைவந்திருந்தது. மூன்று ஸலாம் ஒன்றாயிற்று. நான்கு வாக்கியம் ஒன்றாயிற்று. சாஜிதாவும் மாமியாரும் அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். மகன் முன்பைவிடத் தெளிவாகப் பேசுவதாகத் தாய் சொன்னார். வெட்டியதை நான் மறைக்கவில்லை. இருமல் போன்றவற்றை எடுத்துவிட்டேன் என்று சொல்லவும் செய்தேன். சாஜிதா சிரித்தாள். "நல்லவேளை சார், நிக்காஹ் அன்னைக்கு நீங்க அவகள வெட்டாம விட்டீங்க," என்றாள்.

மூன்றாவது கேசட்டில் ஒரு பிழை நேர்ந்தது. வழக்கம்போலப் பெருநாள் வாக்கியம் பல முறை வந்தது. முதலில் வருவதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினேன். முதலில் வந்தது, பின்னால் பாத்திரம் விழுந்த சத்தத்தோடு கலந்திருந்தது. அந்தச் சத்தத்தை ஏற்கெனவே நீக்கியிருந்தேன். ஆக, வாக்கியம் முழுவதுமாக இல்லாமல் போயிற்று. இது என் கவனக்குறைவு. மறுக்கவில்லை.

அன்று மதியம் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, பதில் பேச்சுக்காக ஒளியைச் சரிசெய்ய வேண்டிக் கேமராவைச் சாஜிதாவின் பக்கம் திருப்பி ஓடவிட்டிருந்தேன். அவள் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறாள் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். ஒவ்வொரு முறை அவன் மூச்சை இழுக்கும்போதும் அவள் முகம் சிறிது முன்னால் வந்தது. வாக்கியம் வரவில்லை. பேச்சு முடிந்து திரை வெளுத்து இரைந்தது. அவள் அந்த இரைச்சலையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிக மெதுவாக, "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டாள்.

மூலக் கேசட் பக்கத்து மேசையில்தான் இருந்தது. போட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் கேமராவின் கண்ணாடிக்குள் தெரிந்த அந்த முகத்தை, மற்ற ஒன்பது படங்களில் ஒன்றிலும் நான் பார்த்ததில்லை. அவ்வளவுதானம்மா என்றேன்.

இதன் பிறகு நடந்தவற்றுக்கு ஒருவிதக் கட்டாயம் இருந்ததை நீங்கள் புரிந்துகொள்வீர்கள். பதில் பேசும்போது அவள், பெருநாளைக்கு வருவதாக முன்னே சொன்னவர் இந்த முறை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். கேள்வி அங்கே போனால், சொன்னேனே என்று அவன் பதில் அனுப்புவான், கதை தடுமாறிவிடும். ஆகவே கேள்வியை நீக்க வேண்டியதாயிற்று. கேள்வியை நீக்கியதும் அதைச் சுற்றியிருந்த அழுகைக்குக் காரணம் இல்லாமல் போயிற்று, அதையும் நீக்கினேன். எஞ்சியவை: மாமியாரின் முழங்கால் வலி, குத்தகைக்கு விட்ட வயலில் சம்பா நடவு, சமையலறைக் கூரையில் ஒழுகல். நல்ல, அடக்கமான காட்சி. தம்மாமில் அதைப் பார்த்த ஷஹ்பாஸ் அடுத்த கேசட்டில், "கூரையப் பத்தியே பேசுறியே புள்ள, என்னப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?" என்றான். அதை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வரி சாஜிதாவுக்குக் குழப்பத்தை உண்டாக்கியிருக்கும்.

அவன் பெருநாளைக்கு வரவில்லை. முதலாளி விடுப்பை ஒத்திவைத்துவிட்டார். ஏன் வரமுடியவில்லை என்பதை அவன் ஒரு கேசட் முழுக்கச் சொல்லியிருந்தான். கடைசியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். விளக்கம் கலையைக் கெடுக்கும் என்பது என் நெடுநாளைய கருத்து. ஆகவே துண்டால் முகத்தை மூடும் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். வியர்வை துடைக்கிறான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இருவருமே நாளுக்கு நாள் மேம்பட்டார்கள். இதை நான் ரசிகனாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் கேமராவைப் பார்த்துச் சிரித்தவர்கள், இரண்டாம் ஆண்டில் கேமரா இருப்பதையே மறந்தார்கள். சாஜிதா ஒரு முறை பேச வந்து உட்கார்ந்து, முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு, "மச்சான், நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொன்னா திருத்திக்குவேன். சொல்லாம இருந்தா நான் எதத் திருத்துறது?" என்றாள். தொழில்முறை நடிகை யாரும் அந்த வாக்கியத்தை அவ்வளவு தணிந்த குரலில் சொல்ல மாட்டாள். அதைத் தம்மாமுக்கு அனுப்பவில்லை. எனக்காக வைத்துக்கொண்டேன். நீக்கியவை அனைத்தையும் ஒரு தனிக் கேசட்டில் வரிசையாகச் சேர்த்து வைத்தேன். நான் முதலிடம் கொடுத்திருக்கும் படம் அதுதான்.

ஒரு மாலை பூத்துக்கு ஷஹ்பாஸிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. யாரையாவது அனுப்பிச் சாஜிதாவைக் கூப்பிடச் சொன்னான். கடையில் வேறு யாரும் இல்லை, பூட்டிவிட்டுப் போக முடியாது என்றேன். அது உண்மை. அரைமணி கழித்து மீண்டும் கூப்பிடுவதாகவும், அதற்குள் தெருவில் போகிறவர் யாரிடமாவது சொல்லி அனுப்புமாறும் கெஞ்சினான். கூப்பிட்டிருப்பான் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் நான் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்து, போனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பொது இடத்துப் போனில் அழுக்குச் சேரும்.

மகனை நன்கு அறிந்தவர் தாய்தான். கடந்த ஆண்டு ஒரு நாள், கேசட் முடிந்த பிறகும் சைத்தூன் பீவி எழுந்திருக்கவில்லை.

"லியோ தம்பி, எம் புள்ள சின்னதுலேர்ந்து சொன்னதையே பத்துத் தடவ சொல்றவன். பசிச்சாக்கூட நாலு தடவ சொல்லுவான். இவன் என்னமோ தந்தி அடிக்கிற மாதிரி பேசுறானே."

"வெளிநாட்டுக்குப் போனா பேச்சு சுருங்கிடும்மா. என் வீட்டுலயும் அப்படித்தான்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பரிதாபப்பட்டார் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் கேட்கவில்லை. போகும்போது, அடுத்த வாரம் வீட்டில் பிரியாணி, கட்டாயம் கொடுத்தனுப்புகிறேன் என்றார், சொன்னபடியே கொடுத்தனுப்பினார்.

இந்தக் கட்டத்தில் எல்லாவற்றையும் நேராக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்று நீங்கள் கருதலாம். 1994 கடைசியில் ஷஹ்பாஸ் வேறு முதலாளியிடம் மாறினான். அங்கே குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. அதைச் சொல்லி அனுப்பிய கேசட்டில் அவன் புதுச் சட்டை போட்டிருந்தான். சாஜிதா உடனே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட வேண்டும், நிக்காஹ் சான்றின் நகல் வேண்டும், உம்மாவையும் மக்காவில் உம்ரா செய்ய அழைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு, வாடகைக்குப் பார்த்திருந்த அறைக்குக் கேமராவை எடுத்துப் போய்ச் சுவர்களைக் காட்டினான். ஜன்னலைத் திறந்து காட்டினான். "இந்த ஜன்னல் பக்கம் நீ உக்காந்துக்கலாம். வெயில் வராது," என்றான்.

நான் அதை நான்கு முறை பார்த்தேன். ஏழாவது இடத்தில் உள்ள உப்பளப் படத்தின் முடிவு ஞாபகம் வந்தது. அவ்வளவு நல்ல படம் கடைசி ஐந்து நிமிடத்தில் சாதாரணமாகிப் போனது. அவள் அந்த ஜன்னலில் போய் உட்கார்ந்துவிட்டால் என் பின்னறைக்கு யாரும் வர வேண்டிய தேவை இருக்காது. மதியங்களில் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் கேசட்டில் புதுச் சட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன். சட்டை நன்றாக இருப்பதாகச் சைத்தூன் பீவி சொன்னார்.

அவன் தாள்களுக்காகக் காத்திருந்தான். அடுத்த கேசட்டில் கேட்டான். அதற்கடுத்ததில் கோபித்தான், பிறகு கோபித்ததற்கு மன்னிப்புக் கேட்டான். கடைசியாக வந்ததில் ஒன்றும் பேசவில்லை. கேமராவை ஓடவிட்டு அதன் முன் உட்கார்ந்திருந்தான். அறைத்தோழன் வந்து தோளில் கை வைத்து அணைக்கும்வரை உட்கார்ந்திருந்தான். சாஜிதாவுக்கு அதை நான் காட்டவில்லை. காட்டுவதற்கு அதில் பேச்சே இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு கேசட் வருவது நின்றது.

ஆகஸ்டில் சாஜிதா ஜமாஅத்துக்கு மனு கொடுத்தாள். சேர்த்து வைக்க முடியுமானால் சேர்த்து வையுங்கள், இல்லையென்றால் விடுவித்துவிடுங்கள், இரண்டுக்கும் நடுவில் இருக்க என்னால் முடியவில்லை என்பதுதான் மனுவின் சாரம். ஜமாஅத் செயலாளர் அப்துல் ஜலீல் அவசரப்படுகிறவர் அல்லர். அரிசி மண்டி வைத்திருப்பவர். எந்த மூட்டையையும் கையை விட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டார். என் கடைக்கு வந்து ஈரக் குடையை வாசலில் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"சார், நீங்க மூணாவது மனுஷன். எல்லாக் கேசட்டையும் கூட இருந்து பாத்தவரு. அந்தப் புள்ள வரேன்னோ கூப்பிட்டுக்கிறேன்னோ ஒரு வார்த்தையாவது சொன்னானா?"

"சாஜிதா பார்த்த கேசட்டுகள்ல, கடைசி ஒண்ணரை வருஷத்துல, அப்படி ஒரு வார்த்தை இல்ல, பாய்," என்றேன்.

சொற்களைத் தேர்ந்தெடுத்தே சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ஒண்ணுமண்ணா சிரிச்சிக்கிட்டு இருந்ததுங்க, சார். எங்க பிசகுச்சின்னே வெளங்கல," என்றார். அவருக்கு டீ வரவழைத்தேன்.

ஜமாஅத் ஷஹ்பாஸுக்குப் பதிவுத் தபால் அனுப்பியது. அவன் பதிலைக் கேசட்டில் அனுப்பினான். ஜமாஅத்தாரிடமும் வி.சி.ஆர். இல்லை, கேசட் என்னிடம்தான் வந்தது. ஆறு நிமிடம் பேசியிருந்தான். மெலிந்திருந்தான். மீண்டும் பழையபடி சொன்னதையே சொல்லும் வழக்கம் வந்திருந்தது. "அவளுக்கு விருப்பம் இல்லேன்னா நான் புடிச்சி வைக்கல," என்று தொடங்கினான். பிறகு ஆறு நிமிடமும் ஒன்றையே பலவிதமாகக் கேட்டான்: பாஸ்போர்ட்டுக்கு ஏன் எழுதிப்போடவில்லை என்று அவளை ஒரு முறை, ஒரே ஒரு முறை, நேரில் உட்காரவைத்துக் கேளுங்கள், அவள் வாயால் வேண்டாம் என்று சொன்னால் போதும், அறையை இன்னும் விடவில்லை, வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டேன்.

பின்னறையில் நான்கு பெரியவர்கள் அதைப் பார்த்தார்கள். மீண்டும் ஒரு முறை போடச் சொன்னார் அப்துல் ஜலீல். போட்டேன். சைத்தூன் பீவி அன்று வரவில்லை. மகன் அப்படிச் சொல்வதைக் காதால் கேட்க வேண்டாம் என்று சாஜிதாதான் தடுத்துவிட்டாளாம்.

தீர்ப்பு எழுதப்பட்டது. சாஜிதா தன் விருப்பத்தின் பேரில், யாரும் வற்புறுத்தாமல், விடுதலை பெறுகிறாள் என்பதை ஷஹ்பாஸும் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஜமாஅத்தார் கருதினார்கள். ஆகவே தீர்ப்பைக் கையளிப்பதை வீடியோ எடுக்க என்னை அழைத்தார்கள். நேற்று, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, சைத்தூன் பீவியின் வீட்டுக் கூடத்தில்.

நீக்கியவற்றின் கேசட்டைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். இதை நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். தேவையானால் அங்கேயே போட்டுக் காட்டிவிடலாம் என்றுதான் எடுத்துப் போனேன். அந்த வீட்டில் வி.சி.ஆர். இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எடுத்துப் போனேன்.

கூரையிலிருந்து சமையலறைக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாத்திரத்தை நகர்த்தி வைக்கச் சொல்லலாமா என்று எண்ணி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சைத்தூன் பீவி சுவரோரம் பாயில் உட்கார்ந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த கையை யாரும் விடுவிக்கவில்லை. இமாமும் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியும் அப்துல் ஜலீலும் கையெழுத்திட்டார்கள். சாஜிதா இடக் கையை மாமியாரிடமே விட்டுவிட்டு வலக் கையால் கையெழுத்துப் போட்டாள். அப்துல் ஜலீல் தாளை எடுத்தார், நீட்டவில்லை.

"கையெழுத்துப் போட்டா என்னம்மா, ஒங் கையில நான் குடுக்குற வரைக்கும் நேரம் இருக்கு. அந்தப் புள்ள ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னாகூட இத நான் கிழிச்சிப் போட்டுடுவேன். என்ன சொல்ற?"

அவள் கேமராவின் பக்கம் திரும்பினாள். பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.

"சார், கடைசிக் கேசட்டுல அவக வேற ஒண்ணும் சொல்லலையா? மறந்திருந்தா யோசிச்சிச் சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் முகத்தில் இருந்தது நம்பிக்கை என்பதை அறிந்தேன். இரண்டரை ஆண்டு எடுத்த படத்தில் அதை மட்டும் நான் எடுத்திருக்கவில்லை. குவியம் சற்றுத் தளர்ந்திருந்தது, சரிசெய்தேன்.

"பெரியவங்க பாத்ததுதாம்மா. வேற இல்ல," என்றேன்.

தலையசைத்துக்கொண்டாள். மாமியாரின் கையிலிருந்து தன் கையை எடுத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசினாள்.

"மச்சான், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. இன்னும் பத்து வருஷம் கழிச்சி வந்தாலும் சரி, ஏன்னு மட்டும் எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போங்க. அதுவரைக்கும் உம்மா எங்கூடத்தான் இருப்பாக." பிறகு என்னிடம், "இத மட்டும் வெட்டாம அனுப்பிடுங்க சார்," என்றாள்.

சரி என்றேன். அப்துல் ஜலீல் தீர்ப்பை நீட்டினார். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். படம் அந்த இடத்தில் முடிகிறது. அதற்கு முன்னால் அவள் பேசியது மிகை. இதை எழுத உட்காருவதற்கு முன், தம்மாமுக்குப் போகும் பிரதியிலிருந்து நீக்கிவிட்டேன்.